நெடுநல்வாடை: கூதிரில் மலர்ந்த கூட்டுவாழ்வு

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு வாழ்வை ஆராய்ந்தது தமிழர் இலக்கணம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர்; மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர்; மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். ஆண்டின் பாதி குளிருக்கு உரியதாயிற்று. அக்குளிரைப் பாடிய பாட்டுகளுள் தலைசிறந்தது நெடுநல்வாடை என்பதில் ஐயமில்லை.

மலாக்கா மாநிலமோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டு பாகை அளவில் அமைந்தது. பாச்சாங் வட்டாரத்தில் வளரும் தமிழ் மாணவனுக்கு வெயிலும் தெரியும், மழையும் தெரியும், வாடை தெரியாது. கம்பளி அவனுக்குப் படத்தில் கண்ட பொருள். அவன் கையில் நெடுநல்வாடையைக் கொடுத்தால் நிகழ்வது யாது? அருஞ்சொற்பொருள் மனப்பாடமாகிறது. அகமா, புறமா என்னும் வழக்கு இரண்டு பத்திகளாக எழுதப்படுகிறது. தேர்வு முடிந்ததும் பாட்டும் முடிந்துவிடுகிறது. இக்குறைக்குக் காரணம் மாணவன் குளிரை அறியாமை மட்டுமன்று. பாட்டின் முற்பகுதியில் நடமாடும் எளிய மக்களைப் பயிற்றுவோர் விரைந்து கடந்துவிடுவதே பெருங்காரணம் எனலாம்.

பாட்டும் அதன் வழக்கும்

நெடுநல்வாடை பத்துப்பாட்டுள் ஒன்று. 188 அடிகளால் ஆனது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பர். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டில் அச்சேற்றியபின் இப்பாட்டு கற்போர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

தலைவனைப் பிரிந்து அரசி வருந்துகிறாள். ஆதலின் இது அகம் போலத் தோன்றும். பாசறைக் காட்சியில் வேலின்மேல் வேம்பு சூட்டப்பெற்றிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அதனால் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட, பாட்டு புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் முடிபு. பெயரின் காரணத்தையும் மரபு விளக்குகிறது. காத்திருக்கும் அரசிக்கு வாடை நெடியது. வினைமேல் நிற்கும் அரசனுக்கு அது நல்லது. இவ்விளக்கம் பொருத்தமானதே. எனினும், வாடை எவ்வாறு நல்லதாகும் என்னும் வினாவிற்குப் பாட்டின் முதல் எழுபது அடிகளும் விடை கூறுகின்றன. அவ்விடையில் அரசன் இல்லை. ஆயரும் ஊராரும் உள்ளனர்.

தீயைச் சூழ்ந்தவர்கள்

மலை வளைந்து மேகம் பொழிகிறது. வெள்ளத்தை வெறுத்த கோவலர் தம் நிரைகளை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடத்தை விட்டுவந்த கலக்கம் அவர்களுக்கு உண்டு. தலையிற் சூடிய காந்தட்கண்ணி நீர்த்துளியால் நனைந்து போயிற்று. பலர் ஒருங்கு கூடிக் கையைத் தீயிற் காய்ச்சுகின்றனர். அப்போதும் நடுக்கம் நீங்கவில்லை. விலங்குகள் மேய்தலை மறந்தன, குரங்குகள் ஒடுங்கின, கறவைகள் பால் குடிக்க வந்த கன்றுகளை உதைத்துத் தள்ளின. தாய்மையையும் மறக்கச் செய்யும் குளிர் அது.

ஆனால் அதே மழையில்தான் முசுண்டை வெள்ளென மலர்கிறது. பீர்க்கு பொன்னெனப் பூக்கிறது. நெற்கதிர் முற்றி வளைகிறது. கமுகின் காய் திரள்கிறது. புதுவெள்ளத்தில் நீந்தும் மீனைக் கொக்கும் நாரையும் கவர்கின்றன. துன்பத்தை முதலில் வைத்து, வளத்தை அதன் அருகே வைக்கிறார் புலவர். ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை.

ஊருக்குள் வந்தால், கள்ளுண்டு களித்த வலிய ஆடவர் தூவலைப் பொருட்படுத்தாது தெருவில் திரிகின்றனர். புலவர் அவர்களைக் கடிந்து ஒரு சொல்லும் உரைக்கவில்லை. வானம் மூடிக் கிடப்பதால் மாலை வந்ததும் தெரியவில்லை. மகளிர் பிச்சியரும்பைத் தட்டில் இட்டு வைக்கின்றனர். அது விரிந்து மணம் வீசியதைக் கொண்டு பொழுதை உணர்கின்றனர். விளக்கேற்றி நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். கதிரவன் காட்டாத பொழுதை ஒரு பூ காட்டுகிறது. சிறிய பொருளில் பெரிய ஆறுதலைக் காணும் மனம் இக்காட்சியில் விளங்குவது போல் வேறெங்கும் விளங்குதல் அரிது.

மனைக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. சந்தனக்கல் தொழிலின்றிக் கிடக்கிறது. விசிறியில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. தென்றல் வரும் சாளரம் அடைக்கப்பட்டிருக்கிறது. குறுகிய வாய்க் கன்னலில் தண்ணீர் பருகுவார் இல்லை. அகன்ற வாயையுடைய தடவில் இட்ட தீயை முதியோரும் இளையோரும் சூழ்ந்திருக்கின்றனர். வேனிலில் தனித்தனியே காற்று நாடியவர்களை ஒரு தடவின் அருகே கூட்டியது வாடையே. கோவலர் கூடினர், மனையோர் கூடினர். வாடை நல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

அரண்மனையும் பாசறையும்

இவ்வளவும் கூறிய பின்னரே புலவர் அரண்மனைக்குள் புகுகிறார். நூல்நெறி வழாது நாள்கொண்டு கட்டிய மாளிகை, யானைத் தந்தத்தால் இயன்ற கட்டில், யவனர் செய்த பாவைவிளக்கு ஆகிய அனைத்தும் அங்கு உண்டு. செவிலியரும் தோழியரும் சூழ்ந்து ஆறுதல் மொழிகின்றனர். அரசியோ மேற்கட்டியில் தீட்டிய திங்களையும் உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். கோவலர்க்கு வெறுந் தீ போதுமானதாயிற்று. இவளுக்கு மாளிகையும் போதவில்லை. முற்பகுதியைக் கற்றவனுக்கே இம்முரண் புலப்படும். அதனை விடுத்தவனுக்கு அரசியின் துயர் வெறும் அணிநலமாகத் தோன்றும்.

முடிவில் காட்சி பாசறைக்கு மாறுகிறது. நள்ளிரவு, வாடையால் விளக்கின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கிறது, குதிரைகள் தம்மேல் விழும் தூவலை உதறுகின்றன. உறங்காத அரசன் புண்பட்ட வீரரைக் காண வருகிறான். மேலாடை நழுவுகிறது, வாளேந்திய இளைஞன் ஒருவன் தோளின்மேல் அவன் கை அமைந்திருக்கிறது. முல்லைப்பாட்டிலும் ஓர் அரசன் பாசறையில் துயிலாதிருக்கிறான். ஆனால் நப்பூதனார் காட்டும் அவ்வரசன் புண்பட்ட யானைகளையும் வீரரையும் பள்ளியில் இருந்து நினைக்கிறான். நக்கீரர் காட்டும் அரசன் எழுந்து நடக்கிறான். நினைவு செயலாக மாறும் இடம் இது. கோவலர் தீயை நாடிச் சென்றனர். அரசன் தன் வீரர்க்குத் தானே தீயாகச் செல்கிறான். முற்பகுதிக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

ஒரு மறுப்பும் விடையும்

வறியோர் கூடி வாழ்ந்தால் வறுமை இனிதாகும் என்று இப்பாட்டுக் கூறுகிறதா என ஒருவர் வினவலாம். அவ்வாறு கற்பிப்பது பிழை. கோவலரின் நடுக்கத்தைப் புலவர் மறைக்கவில்லை. தீக்காய்ந்த பின்னும் அது தொடர்கிறது. கூட்டுறவு குளிரைப் போக்கவில்லை, தாங்கத்தக்கதாக ஆக்கியது. அவ்வளவே. அதே வேளையில், மனையில் நறுமணப் பொருள் அரைக்கும் குற்றேவலரைப் பாட்டுக் காட்டுகிறதேயன்றி அவர் உள்ளத்தைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறை கூறுதல் பாட்டின் பெருமையைக் குறைக்காது. கற்பவன் கண்ணைத் திறக்கும்.

பால்மரக் காட்டின் பனிக்காலம்

மலாக்கா மாணவனுக்கு வாடை இல்லை எனினும், அவன் குடும்ப வரலாற்றில் ஒரு பனிக்காலம் உண்டு. டான் சே யான் 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பரவிய தோட்டங்களில் தமிழர் பால்வெட்டினர். தை முதல் பங்குனி வரையிலான காலத்தில் பால்மரங்கள் இலையுதிர்க்கும்; பால் சுருங்கும்; வருவாயும் சுருங்கும். தோட்டத்துத் துரைமார் ஆங்கிலத்தில் அதனைப் பனிக்காலம் என்று பொருள்படும் சொல்லாலேயே குறித்தனர். மழைநாளின் துன்பம் வேறு. பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகும். பிரட்டுக்களத்தில் வானம் பார்த்து நிற்க வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்திலேதான் மாசிமகம் வரும். பாச்சாங்கிற்கு அண்மையிலுள்ள செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் இன்றும் மக்கள் திரளும் திருவிழா அது. கைப்பொருள் குறைந்த மாதத்தில் கூட்டம் பெருகியது சிந்திக்கத்தக்கது. ஐப்பசி மழையில் தீபாவளியும், கார்த்திகை இருளில் விளக்கும், மார்கழி வைகறையில் கோயிற் பொங்கலும், தையில் லயத்து வாசலில் பொங்கற்பானையும் அவ்வப்பருவத்தின் தடவுகளாயின. பிச்சி விரியக் கண்டு விளக்கேற்றிய மகளிர்க்கும், கார்த்திகையில் லயத்துத் திண்ணையில் அகல் வைத்த தாய்க்கும் இடையே ஈராயிரம் ஆண்டு இருக்கலாம். கையின் அசைவு ஒன்றே.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் இடந்தந்துவிட்டன. பாச்சாங் குடியிருப்புகளும் கடைவரிசைகளும் நிறைந்த புறநகர். லயம் தந்த கூட்டுறவை அடுக்குமாடி தானாகத் தருவதில்லை. அதனை மக்களே தேடிச் சமைக்க வேண்டும். நெடுநல்வாடை இன்றைய மாணவனுக்குத் தேவைப்படுவது இதனாலேயே.

ஆசிரியர் முதல் நாளில் அகம், புறம் என்னும் வழக்கைத் தொடுதல் வேண்டா. பாட்டன் பாட்டியிடம் இலையுதிர் காலத்தைப் பற்றிக் கேட்டு வருமாறு மாணவனை அனுப்பலாம். அவன் கேட்டு வரும் கதையில் ஈர விறகு இருக்கும், கடன் இருக்கும், ஒரு குவளைத் தேநீரைப் பகிர்ந்த அண்டைவீட்டார் இருப்பர். அக்கதையோடு அவன் வகுப்பிற்கு வந்தபின் கோவலர் தீயை அவனுக்குக் காட்டினால் போதும். அருஞ்சொல்லைக் கற்பிக்கும் முன்னரே பாட்டு அவனுடையதாகிவிடும்.