‘வா’வும் ‘வாங்க’வும்

மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ (க்ரியா, 2014) தொகுப்பை ஆய்வு நூல் என்று சொல்லி அலமாரியில் தூக்கிவைப்பது அநியாயம். தலைப்புக் கட்டுரை எனக்குத் திகில் கதை மாதிரிதான் இருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை நடத்த வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைகள் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. பாரதியைப் படிக்கவா? ஆளை வேலை வாங்கத்தான். அதற்கென்றே கைப்புத்தகங்கள் வந்தன. 1915இல் வெல்ஸ் எழுதியதன் பெயர் ‘கூலித் தமிழ்’. இன்னொன்றின் பெயரே ‘இங்கே வா’. கவனிங்க, ‘வாங்க’ இல்லை, ‘வா’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் இரண்டு உண்டு, அதில் எது அட்டையில் ஏறியது என்பதிலேயே தோட்ட நிர்வாகம் முழுசும் இருக்கிறது.

ஆனால் அந்த ‘வா’ துரை கண்டுபிடித்ததா? ஊரில் பண்ணையார் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததுதானே. ஆள் பிடித்த கங்காணி அதையும் சேர்த்தே கடல் தாண்டிக் கொண்டுபோனார். துரை அதை அச்சில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். இந்த இடத்தில் நித்தியானந்தன் இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாம் என்று ஏங்கினேன்.

கள்ளிக்குப்பத்தில் காலையில் டீக்கடையில் வடக்கத்திப் பையன்கள் நிற்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள். (இங்கேயும் ‘எஸ்டேட்’தான், பாருங்க.) நம்ம சூப்பர்வைசர் அண்ணன்களுக்கு இந்தியில் நாலே வார்த்தை தெரியும். முதல் வார்த்தை ‘இதர் ஆ’. ‘ஆயியே’ என்றும் ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவர்களும் கேட்கவில்லை.