அலிஃப் லாம் இல்லாத மாவீரர்கள்

தனியார் அலைவரிசைகள் பெருகுவதற்கு முன், தூர்தர்ஷன் வழியாகவே மேலைநாட்டுக் கார்ட்டூன் மாவீரர்கள் நம் சிறுவர்களைச் சந்தித்தனர். குத்தம்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர்ச் சிற்றூர்களிலும் தொலைக்காட்சி இருந்த வீட்டுக் கூடமே அவர்களுக்கு அரங்காயிற்று. அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய ‘ஸ்பைடர்மேன்’, 1983இல் வெளிவந்த ‘ஹீ-மேன்’ ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

முன்னவன் சிலந்தி கடித்ததால் வலிமை பெறுகிறான். பின்னவன் வாளை உயர்த்தி, ஆற்றல் தன் வசமானதாக முழங்குகிறான். ஹீ-மேன் கதைகளின் முடிவில் ஒரு நீதி சொல்லப்படும். ஆயினும் சிறுவனின் நெஞ்சில் நிலைப்பது அந்நீதியன்று, முழக்கமே. வலிமை எவருக்குரியது என்னும் வினாவுக்கு அப்படங்கள் அளித்த விடை அதுதான்.

இதற்கு மாற்று விடை காண முயன்றவர் குவைத்தின் உளவியலாளர் நாயிஃப் அல்முதவ்வா. அவரது ‘தி 99’ 2006இல் சித்திரக்கதையாகவும் 2011இல் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தபோது நூலகத்தின் அறிவு 99 மணிக்கற்களில் காக்கப்பட்டது என்பது கதையின் கற்பனை. அவற்றைப் பெற்றோர் அல்லாஹ்வின் அழகிய திருநாமங்கள் உணர்த்தும் பண்புகளில் ஒவ்வொன்றை ஏற்கின்றனர். எவரும் தனித்து வெல்வதில்லை, மும்மூவராகவே செயற்படுகின்றனர்.

2014இல் சவூதி மார்க்க அறிஞர்கள் இதனைக் கண்டித்தனர். இறைப்பண்பை மனிதர்மீது ஏற்றுவதாகாதா என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் படைப்பாளர் அப்பெயர்களில் ‘அலிஃப் லாம்’ சேர்க்கவில்லை. முழுமை இறைவனுக்கே உரியது என்பதை அவ்வேற்றுமை காக்கிறது. திருக்குர்ஆனும் (9:128) நபி (ஸல்) அவர்களை ‘ரஹீம்’ எனக் குறிப்பிடுகிறதல்லவா?

குறை வேறிடத்தில் உள்ளது. தொடரின் உடல்வலிமை மிக்க வீரனின் பெயர் ‘ஜப்பார்’. இறைவனுக்கு அது புகழ்ச்சொல்; மனிதனைக் குறிக்கையில் திருக்குர்ஆனில் அது அடக்குமுறையாளனைச் சுட்டும் இகழ்ச்சி. இறைவன் தம்மை அத்தகையவராக ஆக்கவில்லை என்றே ஈஸா (அலை) அவர்கள் கூறுகிறார்கள் (19:32). இங்கு அலிஃப் லாமை நீக்கியது காப்பாகவில்லை, பொருளையே புரட்டிவிட்டது. அவன் வலிமை பெறும் விதமும் நோக்கத்தக்கது: கண்ணிவெடியில் சிக்கியபோது கல் அவன் உடலில் புதைகிறது. சிலந்திக் கடியினின்று இது வெகுதொலைவில் இல்லை.

‘அப்து’, அதாவது அடிமை, என்னும் சொல்லை முன்வைத்தே நம் முன்னோர் அப்துல் ஜப்பார் எனப் பெயர் சூட்டினர். அழைக்கையில் அதனை உதிர்ப்பவர்கள் நாம். வலிமையை முழங்கும் வீரனுக்கும் அடிமைத்தன்மையை உணர்ந்த வீரனுக்கும் இடையிலான வேறுபாடு அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. நம் சிறுவர்க்குப் படம் எடுக்க இனி முனைவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.