ஊரார் பல்லும் சொந்தப் பல்லும்

தாமஸ் ரௌலண்ட்சன் 1787இல் லண்டனில் வெளியிட்ட ‘பற்களை மாற்றி நடுதல்’ என்ற கேலிச்சித்திரம், பல் மருத்துவ வரலாறு பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் படம். நடுவில் புகைபோக்கி துடைக்கும் பையன். பகட்டான உடையில் ஒரு பல் வைத்தியர் அவன் பல்லைப் பிடுங்குகிறார். அந்தப் பல்லுக்காகப் பக்கத்திலேயே ஒரு சீமாட்டி காத்திருக்கிறாள். கந்தல் உடுத்திய இரண்டு பிள்ளைகள் வாசல் வழியே வெளியேறுகிறார்கள். உயிருள்ள பல்லுக்கு நல்ல விலை தருவதாகக் கதவில் அறிவிப்பு வேறு.

இதைப் பணக்காரர்களின் பேராசை மீதான நையாண்டி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நையாண்டிதான். ஆனால் இதில் மிகைப்படுத்தல் ரொம்பக் கம்மி. அந்தக் காலத்தின் பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், 1778இல் வந்த தன் பல் நோய் நூலில், பல் கொடுக்கப் பலரைத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறார். ஒருவர் பல் பொருந்தாவிட்டால் உடனே அடுத்தவர் பல்லை எடுத்துப் பார்க்கலாமே! அதாவது ரௌலண்ட்சன் வரிசையாகப் பிள்ளைகளை வரைந்தது கற்பனை இல்லை, கிட்டத்தட்ட செய்முறைக் குறிப்பு. பையனும் சீமாட்டியும் ஒட்டி உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் அதுதான்: பல் சூடு ஆறுவதற்குள் இடம் மாற வேண்டும்.

படத்தில் எனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு. வாங்குகிறவளைக் கேலி செய்கிறது, விற்கிற பிள்ளைக்காகப் பரிதாபப்படுகிறது. பல் பிடிக்குமா என்று மட்டும் சந்தேகப்படவே இல்லை. ஹண்டர் ஒரு சேவலின் கொண்டையில் மனிதப் பல்லை நட்டுக் காட்டியவர். பல முயற்சிகளில் ஒரே ஒருமுறைதான் பலித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த ஒரு சேவல்தான் ஊரெல்லாம் பேசப்பட்டது. நட்ட பற்களோ சில ஆண்டுகளில் வேர் கரைந்து விழுந்தன. நோய் தொற்றியதாகவும் புகார்கள் வந்தன.

காரணம் பிற்காலத்தில்தான் தெளிவானது. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் செல்கள் உயிரோடிருந்தால்தான் பல் தாடையோடு முறையாக இணையும். செத்துவிட்டால் எலும்பு வேரை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அடுத்தவர் சவ்வை உடல் ஏற்காது, தன்னுடையதை ஏற்கும். 1974இல் ஆஸ்லோவின் ஸ்லாக்ஸ்வோல்டும் பியெர்க்கேயும், வேர் முழுதாக வளராத முன்கடைவாய்ப் பற்களை அதே ஆளின் வாயில் இடம் மாற்றி நட்ட அனுபவத்தை வெளியிட்டார்கள். 1990இல் ஆண்ட்ரியாசன் குழு அப்படி நட்ட 370 பற்களைத் தொடர்ந்து கவனித்து எழுதியது, பெரும்பாலானவை நிலைத்திருந்தன.

இது யாருக்குத் தேவை? 12 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை இழந்த பிள்ளைக்கு. அந்த வயதில் இம்ப்ளான்ட் வைக்க முடியாது. தாடை வளரும், திருகு வளராது. நாலைந்து வருஷத்தில் அந்தப் பல் மட்டும் மேலே ஏறி நிற்கும். அதே பிள்ளைக்குப் பல் நெருக்கத்துக்காக க்ளிப் போட வேண்டியிருந்தால், எப்படியும் பிடுங்கிக் குப்பையில் போடப் போகும் முன்கடைவாய்ப் பல்லை அந்தக் காலி இடத்தில் நடலாம். வேர் முக்கால்வாசி வளர்ந்த பருவம் தோதானது. சவ்வில் கை படாமல், நிமிடக் கணக்கில் வேலையை முடிக்க வேண்டும். இப்போது ஸ்கேனிலிருந்து அச்சடித்த மாதிரிப் பல்லை வைத்துக் குழியை முதலிலேயே சரிபார்த்துக்கொள்கிறார்கள். பிறகு முன்பல் வடிவம் வர மேலே காம்போசிட் பூசுகிறார்கள். தாடை வளரும்போது அந்தப் பல்லும் கூடவே நகரும்.

அதனால் ரௌலண்ட்சன் படத்தை இந்தச் சிகிச்சையின் முன்கதையாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விழுந்த பல்லைக் கழுவி அதே குழியில் திரும்ப வைப்பது பற்றியும் ஹண்டர் எழுதியிருக்கிறார். முன்கதை வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்கலாம்.