சுண்டக்குழம்பு இருக்கு, வாங்க!

அன்றைக்கு வைத்த எந்தக் குழம்பும், மறுநாள் சுண்டிய குழம்புக்குக் கிட்டே நிற்க முடியாது. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். சந்தேகம் இருப்பவர்கள் போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில், எங்கள் சிலமலையில் இறங்கி, ஏதாவது ஒரு வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பார்க்கட்டும். எழுந்திருக்க மனம் வராது.

மொச்சைக் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மொச்சையை ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் கத்தரிக்காயோடு சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தால் அது நல்ல குழம்பு, அவ்வளவுதான். மொச்சை தனியாக, சாறு தனியாக நிற்கும். ஒரு ராத்திரி கழியட்டும். புளியும் உப்பும் காரமும் பயறுக்குள் இறங்கிவிடும். காலையில் அந்த மண்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், ஒரு கரண்டி நல்லெண்ணெய் மட்டும் ஊற்றித் தீயைக் குறைத்து வையுங்கள். முதலில் ஓரத்தில் மட்டும் கொப்புளம் வெடிக்கும். அப்புறம் நடுவிலும் ‘பொளக், பொளக்’ என்று சத்தம் கேட்கும். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வந்து, எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கும். கத்தரிக்காய் இருந்த இடம் தெரியாமல் கரைந்திருக்கும். மொச்சை மட்டும் முழுசாக நிற்கும்; நாக்கில் வைத்தால் வெண்ணெயாகக் கரையும்!

அதோடு முடியவில்லை. குழம்பை வழித்தெடுத்த பிறகும் சட்டியின் உள்பக்கம் ஒரு படலம் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதில் ஒரு கை சோற்றைப் போட்டுப் புரட்டி, துடைத்தெடுத்து, உருண்டை பிடித்துக் கொடுப்பார் அம்மாச்சி. அந்த உருண்டைக்காக எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போடாத சண்டை இல்லை. நட்சத்திர ஓட்டல் சாப்பாடும் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சட்டிச் சோற்றுக்கு ஈடாக இன்று வரை எதையும் நான் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் மலை. போடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்கள் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்துவிடும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்குள் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போய் வேலையைத் தொடங்க வேண்டும். இப்படி இருட்டோடு கிளம்புகிறவருக்குப் புளி கரைத்துக் குழம்பு கூட்ட நேரம் ஏது? அதனால் முதல் நாள் சாயங்காலமே நிறையக் குழம்பு வைத்துவிடுவார்கள். காலையில் சோறு மட்டும் வடித்து, குழம்பைச் சுண்ட வைத்துத் தூக்குவாளியில் போட்டால் மத்தியானச் சாப்பாடு தயார். மறுநாளுக்கு வேண்டும் என்றே கணக்குப் பண்ணி வைக்கிற குழம்பு இது. ‘மிச்சம்’ என்று இதை ஒதுக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

அம்மாவோடு விடுமுறைக்கு மலைக்குப் போனபோது அந்த மத்தியானப் பந்தியைப் பார்த்திருக்கிறேன். ஏலச்செடிக்கு நடுவே கொஞ்சம் மேடான இடம். எல்லாத் தூக்குவாளிகளும் ஒரே நேரத்தில் திறக்கும். ஒருவர் வாளியில் மொச்சை, இன்னொருவரிடம் சுண்டிய கருவாட்டுக் குழம்பு, வேறொருவரிடம் நார்த்தங்காய் ஊறுகாய். “மதினி, ஒங்க கொழம்ப இங்கிட்டுக் கொஞ்சம் தள்ளுங்க” என்று ஒரு குரல். “ஏத்தா, பிள்ளைக்கு ரெண்டு துண்டு கருவாடு போடு” என்று இன்னொரு குரல். வாளி மூடிதான் தட்டு. ஒரு மூடியில் ஐந்தாறு வீட்டுக் குழம்பு! எந்தக் கல்யாணப் பந்தியிலும் அப்படி ஒரு ருசி கிடைக்காது. குளிருக்கு அந்தக் காரமும் புளிப்பும் தொண்டையில் இறங்கும்போது வருகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

ஏலக்காய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலமே நடக்கிறது. ஆனால் எங்கள் அன்றாடக் குழம்பில் ஏலக்காய் கிடையாது. பாயசத்துக்கு விதையை எடுத்த பிறகு மிஞ்சுகிற தோலைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டு வைப்போம். அந்த டீயின் மணத்துக்கே விருந்தாளி வரலாம்.

சுண்டக்குழம்புக்கு மாப்பிள்ளை பழைய சோறு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், விடியும்போது லேசான புளிப்பு வாசனையோடு காத்திருக்கும். ராத்திரி முழுவதும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேலை பார்த்திருக்கின்றன. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறி, குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதை வைத்து ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். ஆராய்ச்சி முடிவு எதுவானாலும், மேலே தெளிந்த நீச்சத்தண்ணியில் உப்புப் போட்டு ஒரு சொம்பு குடித்துவிட்டு வெயிலில் இறங்கிப் பாருங்கள், அதுவே போதும். சின்ன வெங்காயத்தை மட்டும் நறுக்காதீர்கள். அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டுங்கள். அந்தச் சாறு சோற்றுத் தண்ணீரில் கலக்க வேண்டும்.

வங்கத்தில் பாந்தா பாத், ஒடிசாவில் பகாளா, கேரளத்தில் பழங்கஞ்சி என்று இதன் சொந்தக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். 2021இல் ஆஸ்திரேலியாவின் மாஸ்டர்செஃப் இறுதிச் சுற்றில், வங்காளதேச வேர் கொண்ட கிஷ்வர் சவுத்ரி தண்ணீர்ச் சோற்றையும் உருளைக்கிழங்கு மசியலையும் மீனையும் நடுவர்கள் முன் வைத்தார். அவருக்கு மூன்றாம் இடம். எனக்கு அவர்தான் முதல்! யாழ்ப்பாணத்தில் பழஞ்சோற்றையும் முதல் நாள் மீன் குழம்பையும் ஒன்றாகக் குழைத்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பார்கள். அம்மாச்சியின் சட்டிச் சோறு கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

திருநெல்வேலியில் பொங்கலுக்கு மறுநாள் அவியல், கூட்டு, சாம்பார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைக்கிற சுண்டக்கறி, புளித்த மாவில் குழிப்பணியாரம், உதிர்த்துத் தாளித்த இட்லி என்று இந்தக் குடும்பம் பெரியது. சித்திரை வெயிலில் பழைய சோற்றை உப்பு, சீரகம், பச்சை மிளகாயோடு அரைத்து, மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் கிள்ளி வைத்துக் காயவிடுகிற வடகத்தை மட்டும் விட மனமில்லை. அது ஐப்பசி மழையில் எண்ணெயில் பொரியும்போது பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே வந்துவிடுவார்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு மறுநாளுக்குத் தாங்காது. நாளைக்கும் வேண்டும் என்றால் தேங்காய் இல்லாமல் புளிக்குழம்பு வையுங்கள், ராத்திரி படுக்கும் முன் ஒரு கொதி விடுங்கள். சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே வெளியில் விட்டுவிடாதீர்கள். அதில் பெருகும் கிருமி விடுகிற நச்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது.

மண்சட்டி இல்லாதவர்கள் வாரச் சந்தையில் ஒன்று வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள். புளிக்குழம்புக்கு அலுமினியம் ஆகாது. இன்று ராத்திரி வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாகக் குழம்பு வையுங்கள். காலையில் சுண்டியதும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, “நேத்து வச்ச கொழம்பு இருக்கு, சாப்பிட வாங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள்.