பல திரைகளும் ஒரு காலமும்

ஓவியமும் சிற்பமும் இடத்தைப் பற்றி நிற்பன. இசையும் நாடகமும் காலத்தைப் பற்றி நடப்பன. இவ்விரு வகையினையும் ஒன்றாக இணைக்க முயன்ற கலைவடிவங்களுள் ஒன்று காணொளி நிறுவற்கலை. ஒரு மண்டபத்திற் பல திரைகளை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு படத்தை ஓடவிட்டு, பார்வையாளரை அவற்றின் நடுவே உலாவச் செய்வது இதன் இயல்பு. இன்று பெரும்பாலும் திரைக்கொரு கணினி வைக்கப்படுகின்றது. அக்கணினிகள் வலையமைப்பினாற் பிணைக்கப்பட்டு ஒரே காலத்தில் இயங்குமாறு செய்யப்படுகின்றன. இக்கால ஒத்திசைவு பொறியியலாளருக்குரிய வேலை, திறனாய்வாளர் அதனைக் கருதவேண்டியதில்லை என எண்ணுவாருமுளர். அவ்வெண்ணம் பொருந்தாது. திரைகள் எவ்வளவுக்கு ஒத்து நடக்கவேண்டும் என்பது படைப்பின் பொருளோடு பிணைந்த வினாவாகும்.

இவ்வினா புதியதன்று. 1927 ஆம் ஆண்டு அபெல் கான்ஸ் என்னும் பிரெஞ்சு நெறியாளரின் 'நெப்போலியன்' பாரிஸ் ஒப்பேரா அரங்கிற் காட்டப்பட்டபொழுது, அதன் இறுதிப் பகுதி மூன்று எறியிகளால் மூன்று திரைகளில் விரிந்தது. சில வேளைகளில் மூன்று திரைகளும் ஒரே அகன்ற காட்சியாயின; வேறு சில வேளைகளில் நடுத்திரையில் ஒன்றும் இருமருங்கினும் பிறிதொன்றும் தோன்றின. இத்தகைய அமைப்பில் ஓர் எறியி பிந்துமாயின், அணிவகுத்துச் செல்லும் படை நடுவே முறிந்துவிடும்.

கணினிகள் வந்தபின் இவ்விடர் நீங்கிவிட்டது எனல் தவறு. ஒவ்வொரு கணினியின் கடிகாரமும் ஒரு குவாட்ஸ் பளிங்கின் அதிர்வையே நம்பியுள்ளது. இரு பளிங்குகள் முற்றும் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. அவற்றிடையே பத்து இலட்சத்துக்கு 50 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்ளின், 64 நிமிடத்தில் 192 மில்லிசெக்கன் விலகல் உண்டாகும். செக்கனுக்கு 25 படங்கள் ஓடும் காணொளியில் இஃது ஏறக்குறைய ஐந்து படங்களுக்குச் சமம். எட்டு மணிநேரம் இடையில் திருத்தாது விட்டால் விலகல் 1.44 செக்கனாகும். ஆதலின் ஒரு கணினியைத் தலைமையாகக் கொண்டு, அது தான் நிற்கும் இடத்தை இடையறாது அறிவிக்க, ஏனையவை அதனைக் கேட்டுத் தம் வேகத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ ஒத்துக்கொள்ளும் முறை கையாளப்படுகின்றது.

இவ்வொத்திசைவு உயிராக விளங்கும் படைப்பு ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் கியார்ட்டன்சன் 2012 இல் ஆக்கிய 'த விசிற்றர்ஸ்'. நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரத்திலுள்ள ரோக்பி என்னும் பழைய மாளிகையில் இசைக்கலைஞர் தனித்தனி அறைகளில் அமர்ந்து, ஒருவரையொருவர் காணாது, ஹெட்போன் வழியே கேட்டு, ஒரே பாடலை 64 நிமிடம் இசைக்கின்றனர். கலைஞர் தாமும் குளியற்றொட்டியில் இருந்தவாறு கித்தார் வாசிக்கின்றார். ஒன்பது திரைகள், ஒவ்வொரு திரைக்கும் தனி ஒலி. ஒரு திரையை அணுகுபவருக்கு ஒருவரின் தனிக்குரல் கேட்கும். மண்டபத்தின் நடுவே நிற்பவருக்கு முழுப்பாடலும் கேட்கும். முடிவில் ஒவ்வொருவராகத் தம் அறையை நீங்கி ஒன்றுகூடி, பாடிக்கொண்டே வெளியே புல்வெளியிற் செல்கின்றனர்.

தனிமையும் கூட்டுறவும் ஒருங்கே நிற்றலே இப்படைப்பின் கரு. சுவர்களாற் பிரிந்தோரை இணைப்பது காலம் ஒன்றே. அக்காலம் குலைந்தால் எஞ்சுவன ஒன்பது தனிப்படங்களே, கருப்பொருள் அழிந்துவிடும். ஆயினும் இங்கு வேண்டப்படும் துல்லியம் எல்லையற்றதன்று. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. பத்து மீற்றருக்கு அப்பாலுள்ள திரையின் ஓசை ஏறத்தாழ 29 மில்லிசெக்கன் பிந்தியே செவியை அடையும். உலாவுகின்ற பார்வையாளரின் கால்களே சிறு விலகலை ஆக்குகின்றன. அதனைச் செவி பொறுக்கும். 192 மில்லிசெக்கனைப் பொறுக்காது. திருத்தும் முறையிலும் அவதானம் வேண்டும். வேகத்தை முரட்டுத்தனமாக மாற்றினாற் சுருதி பிறழும். படத்தைத் தாவச் செய்தால் லயம் அறும். நோயினும் மருந்து கொடிதாதல் கூடாது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-ரொறஸ் 1991 இல் அமைத்த இரு கடிகாரப் படைப்பு. அது காணொளியன்று, எனினும் இவ்வினாவுக்கு அதனைவிடத் தெளிவான விடை அரிது. சுவரில் ஒன்றையொன்று தொட்டவாறு இரு சாதாரண கடிகாரங்கள் ஒரே நேரங்காட்டத் தொடங்குகின்றன. மின்கலம் தேயத்தேய ஒன்று மெல்லப் பின்தங்குகின்றது. எயிட்ஸ் நோயுற்றிருந்த அவருடைய வாழ்க்கைத் துணைவர் அவ்வாண்டிலேயே இறந்தார். ஒத்து நடந்த இருவருள் ஒருவர் பிந்தி நின்றுவிடுவர் என்னும் உண்மையை அக்கடிகாரங்கள் சொல்லின்றி உரைக்கின்றன. அவற்றை வலையமைப்பிற் பிணைத்து ஓயாது திருத்தினால், பழுது நீங்கும். கலையும் உடன் நீங்கும்.

ஆகவே துல்லியம் தன்னளவிற் சிறப்பன்று. விலகலும் தன்னளவிற் குற்றமன்று. திரைகளின் எண்ணிக்கையையும் அவை ஒருசேரப் பளிச்சிடும் வியப்பையும் மட்டும் நம்பி அமைக்கப்படும் படைப்புகள், அவ்வியப்பு அடங்கியதும் வெறுமையாகின்றன. திரைகளிடையே உள்ள உறவு யாது, அது காலத்தால் எவ்வாறு தாங்கப்படுகின்றது என்று வினாவுதல் திறனாய்வாளர் கடன். இவ்வினா அரும்பொருட்சாலைகளுக்கும் உரியது. இன்றைய கணினிகள் சில ஆண்டுகளிற் பழுதாகும். அவற்றின் இடத்துக்கு வேறு பொறிகள் வரும். அப்பொழுது படச்சுருளையோ கோப்பையோ காத்தல் மட்டும் போதாது. எத்திரை எதனோடு, எவ்வளவு நெருக்கமாக நடக்கவேண்டும் என்பதும் எழுத்தில் வைக்கப்படவேண்டும். அதனை வகுத்துரைக்க வல்லவர் படைப்பின் பொருளை உணர்ந்தவரே.