மெரினாவுக்குப் பேர் வெச்சவர்: கிராண்ட் டஃப் நாட்குறிப்பை முன்வைத்து

அத்திப்பட்டிலிருந்து சென்ட்ரலுக்கு மின்ரயிலில் போகிற நேரம்தான் எனக்கு வாசிக்கக் கிடைக்கிற நேரம். கடந்த சில வாரங்களாக அந்த நேரத்தை ஒரு வெள்ளைக்கார கவர்னருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மவுன்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். 1881 நவம்பர் முதல் 1886 டிசம்பர் வரை சென்னை மாகாண கவர்னர். தென்னிந்தியாவில் இருந்த காலத்து நாட்குறிப்பை 1899இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவருடைய மொத்த நாட்குறிப்புகள் பதினான்கு தொகுதிகள். நான் வாசித்தது இந்த இரண்டைத்தான்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1829இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் கிராண்ட் டஃப், மராட்டியர் வரலாறு எழுதியவர். மகனுக்கு பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டனின் பெயரையே வைத்துவிட்டார். மகன் 1857இல் எல்ஜின் பர்க்ஸ் தொகுதியின் லிபரல் எம்.பி. ஆனார். சென்னைக்குக் கப்பலேறும்வரை, அதாவது இருபத்துமூன்று வருடத்துக்கு மேல், அதே தொகுதிதான். நடுவில் 1868 முதல் 1874 வரை இந்தியா விவகாரத் துணை அமைச்சர். ஆக, இந்தியாவை ஆள வருவதற்கு முன்பே இந்தியாவைப் பற்றிப் பார்லிமென்டில் பதில் சொல்லிப் பழகியவர்.

இப்போது நூலுக்கு வருவோம். சுவாரசியமான நூல்தான், அதில் சந்தேகமில்லை. மனுஷருக்குத் தாவரங்கள் மீது அப்படி ஒரு பிரியம். போகிற இடமெல்லாம் செடி, கொடி, பூ. யாருடன் சாப்பிட்டார், யார் என்ன வேடிக்கையாகச் சொன்னார் என்பதெல்லாம் வருகிறது. யாரையும் திட்டுவதில்லை, புலம்புவதில்லை. காரணம், அரசியலையும் அலுவலையும் பெரும்பாலும் விலக்கிவிடுவது என்று அவரே வைத்துக்கொண்ட விதி. இனிமையானதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் நூல் இனிமையாகத்தானே இருக்கும்?

ஒரு நூலை அது எடுத்துக்கொண்ட நோக்கத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பார்கள். சரி, ஒத்துக்கறேன். ஆனா இவர் ஓய்வுக்கு வந்த பயணி இல்லையே! 1882 ஆகஸ்டில் சேலத்தில் கலவரம். நகராட்சி உறுப்பினராக இருந்த விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு உயர் நீதிமன்றத்தில் அது ரத்தானது. ஜி. சுப்பிரமணிய ஐயரின் 'இந்து' பத்திரிகை இந்த கவர்னரின் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தது. 1884இல் சென்னை மகாஜன சபை பிறந்ததும் இவர் காலத்தில்தான். மாகாணமே வாய் திறந்து பேச ஆரம்பித்த ஐந்து வருடங்கள் அவை. அந்த ஐந்து வருடத்துக்கு நாம் கையில் வைத்திருப்பது ஒரு பூந்தோட்டக் குறிப்பு.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. 1871இல் துணை அமைச்சராக இருந்தபோது இதே மனிதர் பார்லிமென்டில் ஒரு கணக்கு சொன்னார். பிரிட்டனில் ஆளுக்கு வருட வருமானம் சுமார் முப்பது பவுண்டு, இந்தியாவில் இரண்டே பவுண்டு. இந்தியா பிரிட்டன் அளவுக்காவது வர இன்னும் எத்தனை தலைமுறை ஆகுமோ என்று வருத்தத்தோடு கேட்டார். பதவி முடிந்து ஊர் திரும்பியபின், இந்தியாவின் நிலைமையைக் குறை சொல்லி எழுதிய சாமுவேல் ஸ்மித் எம்.பி.க்கு மறுப்பு எழுதியவரும் இவரேதான். அந்த மறுப்புக்கு 1887இல் வரிந்துகட்டிக்கொண்டு பதில் எழுதியவர் தாதாபாய் நௌரோஜி. அவர் கையில் இருந்த முக்கியமான ஆயுதங்களில் ஒன்று கிராண்ட் டஃப் சொன்ன அந்த இரண்டு பவுண்டு! ஐந்து வருடம் கழித்து, 1892இல், நௌரோஜியும் பிரிட்டிஷ் எம்.பி. ஆனார். கணக்கைச் சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவர் மறக்கவில்லை.

அவரை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. 1886இல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், சமஸ்கிருதத்தோடு உங்களுக்கு இருக்கும் உறவைவிட ஆங்கிலேயர்களான எங்களுக்கு உறவு அதிகம் என்ற பொருளில் தென்னிந்தியப் பட்டதாரிகளிடம் பேசினார். தெற்கத்தியரை ராட்சதர் என்று சொன்னது யார் என்றும் கேட்டார். திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்த உரையைக் குறிப்பிடாமல் போவதில்லை. பிரித்தாளும் பேச்சு என்று ஒரு தரப்பு, கண் திறந்த பேச்சு என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் அதில் இடமிருக்கிறது என்பதே என் வாசிப்பு.

கடைசியாகக் கடற்கரை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 1884இல் கடலோர நடைபாதைக்கு 'மெரினா' என்று பேர் வைத்தவர் இவர். சிசிலித் தீவின் ஞாபகத்தில் வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கூட நடந்த இத்தாலியத் தளபதி ஒருவர் பலெர்மோவில் இருப்பதுபோல் இருக்கிறதே என்றாராம். அதில் கவர்னருக்கு ஒரே குஷி.

ஆனால் அந்த மணல் எப்படி வந்தது? நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களின் நடுவில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். கிராண்ட் டஃப் பதவியேற்ற ஒரே வாரத்தில், 1881 நவம்பர் 12ஆம் தேதிப் புயலில், அந்தச் சுவர் உடைந்தது. மறுபடி கட்டினார்கள். சுவர் மணலைத் தடுத்தது. தடுத்த மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரையைக் கடல் தின்றது. இதில் கிராண்ட் டஃப் மேல் பழி போட எனக்கு உரிமையில்லை. துறைமுகம் அவருக்கு முன்பே தொடங்கியது, அவர் பேர்தான் வைத்தார். ஆனா மெரினாவின் கதையைச் சொல்லும்போது கவர்னரையும் சிசிலியையும் சொல்கிறோம், வடக்கே கொடுத்த விலையைச் சொல்வதில்லை. நாட்குறிப்பின் விதியை நாமும் பின்பற்றுகிறோம், இனிமையானது மட்டும்.

எங்க ஆயா திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் ஒருமுறை என்னைக் கருங்கல் தடுப்பு மேல் ஏற்றிவிட்டு, அலையைக் கைகாட்டி, "அதோ பாரு, அங்கதான்டா எங்க வூடு இருந்துச்சி" என்றது. நான் விளையாட்டுக்குச் சொல்கிறது என்று நினைத்தேன்.

இப்போது அத்திப்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதற்கு நிலக்கரி இறக்கத்தான் முதலில் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, 2001இல். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் கடல் உள்ளே வருகிறது என்று மீனவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தூண்டில் வளைவு போடுங்கள் என்ற கோரிக்கை நம் கரையில் எங்கே போனாலும் காதில் விழுகிறது. தூண்டில் வளைவு போட்டால் அதற்கும் வடக்கே இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

தாவரப் பிரியர்கள், பழைய சென்னைப் பிரியர்கள் கிராண்ட் டஃபை வாசிக்கலாம், ஏமாற மாட்டார்கள். கூடவே நௌரோஜியின் பதிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வடக்கே இருக்கிற ஒரு ஆயாவிடமும் பேச்சுக் கொடுங்கள். அந்த ஐந்து வருடத்தை மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் முழுசாகத் தெரியும்.