இணைய வகுப்பும் இரட்டை நீதியும்

பாடத்தில் 40 விழுக்காடுவரை இணையவழி நடத்தலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கருத்துரு வெளியிட்டது. கல்வி வீடுதேடி வருவதை நாம் வெறுப்போமா? ஆனால், பருவத் தொடக்கத்தில் பல கல்லூரிகள் மாணவர்முன் நீட்டும் விதித்தாளைப் பாருங்கள். காமிராவை அணைக்காதே! நேரந்தவறாதே! தவறினால் வருகைப்பதிவு இல்லை! அத்தனையும் மாணவனுக்கே. ஐயத்திற்கு எத்தனை நாளில் விடை வரும், இணைப்பு அறுந்தால் பாடத்தின் பதிவு கிடைக்குமா, திருத்திய கட்டுரை என்று திரும்பும் - ஆசிரியருக்கென ஒரு வரியுண்டா? கடமை கீழோர்க்கு, உரிமை மேலோர்க்கு என்னும் மனுவின் வாடை இங்குமா?

காமிராவுக்கு வருவோம். 2017-18ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியச் சிற்றூர்க் குடும்பங்களில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடே! ஒரே கைப்பேசியை மூவர் பகிரும் குடிசையில், அணைந்த காமிராவுக்குப் பெயர் சோம்பலா? தோழர்களே, அடுத்த விதித்தாள் வரும்போது ஆசிரியரின் கடமைகளையும் அதே தாளில் எழுதித் தரக் கேளுங்கள்.